நாலு எண்ணுக்கு ஒரு ஃபார்மட்டா?

போன மாதம் முழுக்க இங்கே நான் எதுவும் எழுதவில்லை. "உடம்புக்கு ஏதும் செய்யுதா?" என்று மூன்று பேர் போன் போட்டுக் கேட்டார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரில் நெட் வரவில்லை. இரண்டே நாளில் வந்தும் விட்டது. வந்த பிறகும் எழுத மனசு வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நடுவில் சில எண்களும் வரும். ரத்த அழுத்தம், சர்க்கரை என்று நாம் பார்க்காத எண்களா, பயப்படாமல் படியுங்கள்.

நடந்தது இதுதான். இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள் பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் புதுப் பெட்டி மாட்டிவிட்டுப் போனார்கள். வந்த பையன் தன் செல்போனில் ஒரு வீடியோவை ஓட்டிக் காட்டினான். "வந்துட்டு பாத்தீங்களா சார்" என்று கையெழுத்து வாங்கினான். மேஜை மேல் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதற்கும் ஒயர் போகிறதே என்று அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. வீட்டம்மா அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

சாயங்காலம் கம்ப்யூட்டரைப் போட்டால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. டி.வி. ஓடுகிறது. செல்போனில் வாட்ஸ்அப் வருகிறது. கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், திரையின் மூலையில் ஒயர் இணைப்பு இருக்கிறது என்று படம் காட்டுகிறது. பின்பக்கம் ஒயர் சொருகிய இடத்தில் பச்சை விளக்கும் மினுக்குகிறது. கம்பெனிக்குப் போன் செய்தால், "எங்க சைடுல எல்லாம் சரியா இருக்கு சார், உங்க சிஸ்டத்துலதான் பிரச்சினை" என்று ஒரு பெண் பாடம் ஒப்பித்தாள். (அவள் சொன்னது சரி என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டால் போதுமா?)

மறுநாள் காலையில் பக்கத்துத் தெருக் கடையிலிருந்து ஒரு தம்பி வந்தான். நல்ல பையன்தான், மரியாதையாகப் பேசினான். திரையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இது என்ன சார், லினக்ஸா?"

"ஆமாப்பா, லினக்ஸ் மின்ட். ஆறேழு வருஷமா ஓடுது."

"இதுல டிரைவர் பிரச்சினை வந்துக்கிட்டேதான் இருக்கும் சார். ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டுருவோம். எழுநூறு ரூபா. மதியத்துக்குள்ள குடுத்துருதேன்."

"உள்ள இருக்கதெல்லாம்?"

"டி டிரைவ்ல இருந்தா ஒண்ணும் ஆகாது சார்."

அவன் வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒயரைக் கழற்றிப் பார்க்கவில்லை. அமைப்புப் பக்கத்தைத் திறக்கவில்லை. எதனால் வரவில்லை என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. நோயாளியின் நாடியைப் பிடிக்காமலே ஆபரேஷன் தியேட்டரைத் திறக்கச் சொல்கிறான். இன்னொன்று, லினக்ஸில் டி டிரைவ் என்று ஒன்று கிடையவே கிடையாது. அது தெரியாதவன் அந்தப் பெட்டியைத் தொட்டால் என்ன ஆகும்? "நாளைக்கு வாப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான் தொலைபேசித் துறையில் முப்பத்தாறு வருஷம் இருந்தவன் என்பது இங்கே வருகிறவர்களுக்குத் தெரியும். 1978இல் சேரும்போது ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்ச். சட்சட்டென்று செலக்டர்கள் ஏறி இறங்குகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. 198க்கு ஒருவர் புகார் கொடுத்தால் அது டாக்கெட்டாக எங்களிடம் வரும். எடுத்த எடுப்பில் யாரும் வீட்டுக்குப் போய்ப் போனைப் பிரிக்க மாட்டோம். முதலில் எக்ஸ்சேஞ்சுக்குள்ளேயே, எம்.டி.எஃப். என்கிற பெரிய சட்டத்தில், அந்த லைனைப் பிரித்து உள்பக்கமும் வெளிப்பக்கமும் சோதிப்போம். உள்ளே சரி என்றால் பில்லர். பில்லர் வரை சரி என்றால் டி.பி. பெட்டி. அதற்கும் அப்பால்தான் வீட்டு ஒயர், கடைசியில் போன். எந்த இடம் வரை உயிர் இருக்கிறது, எந்த இடத்தில் போய்விட்டது என்று பார்ப்பதுதான் வேலையே. "லைன் வரலியா? கம்பம், ஒயர், போன் எல்லாத்தையும் பிடுங்கிட்டுப் புதுசு போடு" என்று எந்த லைன்மேனாவது சொல்லியிருந்தால் எங்கள் எஸ்.டி.ஓ. அவனை அன்றைக்கே பிடுங்கிப் போட்டிருப்பார்.

அந்தப் பழக்கத்தில் நானே உட்கார்ந்தேன். லினக்ஸில் டெர்மினல் என்று ஒரு கறுப்பு ஜன்னல் உண்டு. அதில் 'பிங்' என்று அடித்து ஓர் எண்ணைக் கொடுத்தால், அந்த எண்ணுள்ள இடத்தைக் கூப்பிட்டுப் பார்க்கும். அங்கே ஆள் இருந்தால் பதில் வரும். எங்கள் காலத்தில் டெஸ்ட் டெஸ்க்கில் உட்கார்ந்து மணியடித்துப் பார்ப்பதுபோல. முதலில் 127.0.0.1. இது கம்ப்யூட்டர் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்வது. பதில் வந்தது. அடுத்து, வீட்டுப் பெட்டியைக் கூப்பிட வேண்டும். பெட்டியின் எண் என்ன? கம்ப்யூட்டரின் நெட்வொர்க் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அங்கே இப்படி இருந்தது: முகவரி 192.168.1.50, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1, டிஎன்எஸ் 192.168.1.1. மேலே 'மேனுவல்' என்று ஒரு சொல். சரி, 192.168.1.1ஐப் பிங் செய்தேன். அந்த இடத்தை எட்ட முடியவில்லை என்று வரிவரியாக வந்துகொண்டே இருந்தது.

பிறகு செல்போனை எடுத்தேன். அதுதான் அதே பெட்டியில் வைஃபை மூலம் ஒழுங்காக ஓடுகிறதே. அதன் வைஃபை விவரங்களில் பார்த்தால் முகவரி 192.168.0.104. கேட்வே 192.168.0.1.

மூன்றாவது எண்ணைப் பாருங்கள். போனில் 0. கம்ப்யூட்டரில் 1. இவ்வளவுதான் நோய்.

நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். 255.255.255.0 என்கிற மாஸ்க் என்ன சொல்கிறது என்றால், முதல் மூன்று எண்களும் எஸ்.டி.டி. கோடு மாதிரி, கடைசி எண்தான் வீட்டு நம்பர் என்கிறது. பழைய பெட்டி 192.168.1 என்ற ஊரில் இருந்தது. புதுப் பெட்டி 192.168.0 என்ற ஊரில் இருக்கிறது. நம் 0462 போய் 0461 வந்துவிட்டது என்று வையுங்கள். என் கம்ப்யூட்டர் மட்டும் இன்னும் பழைய ஊரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, இல்லாத எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. ஒயர் சரி, கார்டு சரி, பெட்டி சரி, லினக்ஸ் சரி. பச்சை விளக்கு சொன்னதும் பொய்யில்லை. ஒயரில் உயிர் இருக்கிறது என்று மட்டும்தான் அதற்குச் சொல்லத் தெரியும். எந்த ஊருக்குப் பேசுகிறாய் என்பது அதற்குத் தெரியாது.

செல்போனும் டி.வி.யும் ஏன் தப்பித்தன? அவற்றில் யாரும் கையால் எண் போடவில்லை. அவை பெட்டியிடமே "எனக்கு ஒரு நம்பர் கொடு" என்று கேட்டு வாங்கிக்கொள்கின்றன. இந்த ஏற்பாட்டுக்கு டிஎச்சிபி என்று பெயர். 1993லேயே இதற்கான விதிமுறை எழுதி வைத்துவிட்டார்கள். புதுப் பெட்டி வந்தால் புது ஊரின் நம்பர் தானாக வரும். முப்பது வருஷத்துக்கும் மேலாக இருக்கிற இந்த வசதியை அணைத்துவிட்டு, என் கம்ப்யூட்டரில் நாலு எண்ணை யார் அடித்தது? ஏன்?

2019இல் எனக்கு லினக்ஸ் போட்டுத் தந்த ஒரு கல்லூரி மாணவன். "கையால போட்டா ஸ்பீடா இருக்கும் சார், அடிக்கடி கட் ஆகாது" என்றான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நானும் பெருமையாகத் தலையாட்டினேன். அதில் ஒரு துளி உண்மையும் இல்லை. கையால் போட்ட எண்ணால் இணைப்பின் வேகம் கூடாது. பெட்டியிடம் நம்பர் கேட்டு வாங்க ஆவது ஓரிரு விநாடி, அதுவும் கம்ப்யூட்டரைப் போடும்போது ஒரு தடவை. அந்த ஓரிரு விநாடியை மிச்சம்பிடிக்கப் போய் ஒரு கண்ணிவெடியைப் புதைத்து வைத்திருக்கிறோம். பெட்டி மாறுகிற நாள்வரை அது வெடிக்காது. வெடிக்கிற நாளில் புதைத்தவன் ஊரில் இருக்க மாட்டான். (அவன் இப்போது பெங்களூரில் இருக்கிறான்.)

நிலையான எண் தேவைப்படுகிற இடங்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆபீசில் பத்துப் பேர் பயன்படுத்துகிற பிரின்டர், எல்லோரும் ஃபைல் எடுக்கிற பொதுக் கம்ப்யூட்டர், இவற்றின் எண் தினம் மாறினால் கஷ்டம். அதற்கும்கூடப் பெட்டிக்குள்ளேயே "இந்த மெஷினுக்கு எப்போதும் இந்த நம்பர்தான்" என்று எழுதிவைக்க வழியுண்டு. பேத்தி முகத்தைப் பார்க்கவும், நவம்பரில் ஆயுள் சான்று விவரம் பார்க்கவும், இங்கே நாலு வரி எழுதவும் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற எழுபது வயதுக்காரனுக்கு இது எதற்கு?

சரி, மாற்றினேன். நெட்வொர்க் அமைப்பில் பல்சக்கரப் படத்தை அமுக்கி, ஐபிவி4 என்ற பகுதிக்குப் போய், 'மேனுவல்' இருந்த இடத்தில் 'ஆட்டோமேட்டிக் டிஎச்சிபி' என்று வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அரை மணி நேரம் விழித்துக்கொண்டு இருந்தேன். பிறகுதான் புரிந்தது, அமைப்பை மாற்றிச் சேமித்தால் மட்டும் போதாது, அந்த இணைப்பை ஒரு தடவை அணைத்துப் போட வேண்டும். அணைத்துப் போட்டேன். முகவரி 192.168.0.107 என்று வந்து உட்கார்ந்தது. 192.168.0.1ஐப் பிங் செய்தால் பதில். வெளியே 8.8.8.8ஐக் கூப்பிட்டால் (அது கூகுள் வைத்திருக்கிற ஒரு பொது எண்) அங்கிருந்தும் பதில். வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்ப பேத்தியைக் கூப்பிடுங்க" என்றாள்.

பக்கம் திறக்கவில்லை!

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கையை விரிப்பார்கள். எண்ணைக் கூப்பிட்டால் பதில் வருகிறது, பெயரைக் கூப்பிட்டால் வரவில்லை. இதற்கு நமக்கெல்லாம் தெரிந்த உதாரணம் இருக்கிறது. 197. பெயரைச் சொன்னால் நம்பர் சொல்வார்களே, அந்த விசாரணை. இன்டர்நெட்டில் அந்த வேலையைச் செய்வதுதான் டிஎன்எஸ். முகவரியைத் தானியங்கியாக மாற்றினேனே தவிர, அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே டிஎன்எஸ்ஸுக்கென்று தனியாக ஒரு ஸ்விட்ச் இருப்பதை நான் கவனிக்கவில்லை. அது அணைந்தே கிடந்தது. அதன் கீழே அந்தப் பழைய 192.168.1.1. ஊர் மாறிவிட்டது, ஆனால் பழைய ஊர் 197ஐத்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்த எண்ணை அழித்து, டிஎன்எஸ்ஸையும் ஆட்டோமேட்டிக் ஆக்கி, மறுபடி ஒரு தடவை அணைத்துப் போட்டேன். பேத்தி வந்தாள். முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு பெருமைப் பதிவாக இருந்திருக்கும். அன்றே எழுதிப் போட்டிருப்பேன்.

அன்று ராத்திரி படுத்த பிறகுதான் ஓர் எண்ணம் வந்து உறக்கம் போனது. அந்தக் கல்லூரி மாணவன் என் வீட்டில் மட்டும் லினக்ஸ் போடவில்லை. நான் கூட்டிக்கொண்டு போய் இன்னொரு வீட்டிலும் போடவைத்தேன். நம் தமிழாசிரியர் அண்ணாச்சி வீடு.

அவரைப் பற்றி இங்கே முன்பே எழுதியிருக்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு ஒன்பது வருஷம் உடன்குடி, திசையன்விளைப் பக்கம் ஊர் ஊராகப் போய்ப் பனையேறிகளின் சொற்களைச் சேகரித்தவர். விடிலி, அக்கானி, தளைநார் என்று நமக்குத் தெரிந்ததும் தெரியாததுமாக ஆயிரத்துச் சொச்சம் சொற்கள். ஒவ்வொன்றையும் யார் சொன்னது, எந்த ஊர், எப்படி உச்சரிக்கிறார்கள் என்று எழுதி, அந்தப் பெரியவர்களின் குரலையும் பதிவு செய்து வைத்திருந்தார். எல்லாம் அந்த ஒரே கம்ப்யூட்டரில். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் அவருக்கும் நெட் வரவில்லை. நான் அப்போது மகன் வீட்டில், அமெரிக்காவில். அவர் யாரையோ கூப்பிட்டார். யாரோ வந்தார்கள். ஃபார்மட். விண்டோஸ். நெட் வந்தது. ஒன்பது வருஷம் போனது.

நான் திரும்பி வந்து பார்த்தபோது மூன்று மாதம் கடந்திருந்தது. தெரிந்த ஒருவரிடம் கொடுத்து மீட்கப் பார்த்தோம். பெயரில்லாத துண்டு துண்டான ஃபைல்கள் கொஞ்சம் கிடைத்தன, குரல் ஒன்றுகூட முழுசாக இல்லை. அந்தக் குரல்காரர்களில் நாலைந்து பேர் இப்போது உயிரோடும் இல்லை. "டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு சொன்னாங்க வே, அதான் ஃபார்மட் பண்ண வேண்டியதாப் போச்சாம்" என்று அண்ணாச்சி சொன்னார். நானும் நம்பினேன். விதி என்று விட்டுவிட்டோம்.

மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். சும்மா பேசிக்கொண்டிருக்கிறவன்போல, "அண்ணாச்சி, அந்தப் பையன் கம்ப்யூட்டர் போட்டப்போ ஏதாவது எழுதிக் குடுத்தானா?" என்று கேட்டேன். அவர் எதையும் எறியாத ஆள். பழைய டைரியை எடுத்தார். பின்னட்டைக்குள் ஒரு சீட்டு. பையன் கையெழுத்து. 192.168.1.50. 255.255.255.0. 192.168.1.1. இன்னொரு 192.168.1.1.

"நெட் வரலைன்னீங்களே, அதுக்கு முன்னால பெட்டி ஏதாவது மாத்துனாங்களா?"

டைரியைப் புரட்டினார். பெட்டி மாற்றியது ஒரு செவ்வாய்க்கிழமை. நெட் வரவில்லை என்று எழுதியிருப்பது புதன்கிழமை. அதே வாரம் வெள்ளிக்கிழமை: "கம்ப்யூட்டர் சரிசெய்தது ரூ.600."

கோர்ட்டில் நிற்கிற சாட்சியம் இல்லை இது, தெரியும். அந்தப் பெட்டியின் எண் என்னவென்று இப்போது யாரும் போய்ப் பார்க்க முடியாது. ஆனால் முப்பத்தாறு வருஷம் ஃபால்ட் பார்த்தவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? டிஸ்க் கெட்டிருந்தால் அதே டிஸ்க்கில் எப்படி விண்டோஸ் போட்டார்கள்? அதே டிஸ்க் இன்றுவரை எப்படி ஓடுகிறது?

இப்போது ஃபார்மட்காரர்களிடம் வருகிறேன். இந்த வைத்தியத்தின் பெரிய ஆபத்தே, அது பலிக்கிறது என்பதுதான். ஃபார்மட் செய்து புதிதாக எதைப் போட்டாலும், விண்டோஸோ லினக்ஸோ, அது டிஎச்சிபியில்தான் எழுந்திருக்கும். கையால் போட்ட எண்கள் மற்ற எல்லாவற்றோடும் சேர்ந்து அழிந்துபோகின்றன. நெட் வந்துவிடுகிறது! கடைக்காரத் தம்பி நெஞ்சை நிமிர்த்துகிறான்: "பாத்தீங்களா சார், லினக்ஸ்தான் பிரச்சினை." வீட்டுக்காரரும் கும்பிட்டு 600 ரூபாயைக் கொடுக்கிறார். காலில் முள் குத்தியவனுக்குக் காலை எடுத்தாலும் முள்வலி போய்விடும்தான். அந்தப் பலனைப் பார்த்து அடுத்த காலையும் எடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள். முள் எங்கே இருந்தது என்று கடைசிவரை ஒருவருக்கும் தெரியாது. அடுத்த வீட்டிலும் அதே கத்தி.

லினக்ஸ் டிஸ்க் என்றால் இன்னும் மோசம். லினக்ஸ் தன் ஃபைல்களை வைக்கிற முறையை விண்டோஸ் சாதாரணமாகப் படிக்காது. விண்டோஸ் போடும்போது வருகிற பட்டியலில் அந்தப் பகுதி பெயரில்லாமல், ஆளில்லாத வீடு மாதிரி தெரியும். உள்ளே ஒன்பது வருஷம் குடியிருக்கிறது என்று அது சொல்லாது. தம்பி "ஒண்ணுமில்ல" என்று நினைத்து அழித்துவிடுவான். அவனைக் கொலைகாரன் என்று சொல்லவில்லை. பூட்டிய வீட்டைத் தட்டிக்கூடப் பார்க்காமல் இடித்தவன் என்று சொல்கிறேன்.

"லினக்ஸ் நமக்கெதுக்கு வே, ஊரோட ஒத்து வாழணும்" என்கிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. இதே நாலு எண்ணை விண்டோஸில் போட்டிருந்தாலும் இதே கதைதான். அங்கேயும் அந்தப் பக்கம் இருக்கிறது, அங்கேயும் இந்தப் பையன்கள் எண் போடுகிறார்கள். கேரளத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் லினக்ஸில்தான் படிக்கிறார்கள். நம் அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகளிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் இருந்தது. ஒரு பயல் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

நியாயம் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். அந்தத் தம்பியின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். அவன் பத்து நிமிடம் உட்கார்ந்து, நாலு பிங் அடித்து, ஒரு ஸ்விட்சை மாற்றி, "இருநூறு ரூபா சார்" என்று கேட்டால் நாம் கொடுப்போமா? "என்னப்பா, ஒரு பட்டனை அமுக்கினதுக்கா?" என்போம். நாள் முழுக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வைத்திருந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு வந்தால் எழுநூறைக் கேள்வி கேட்காமல் எடுத்து நீட்டுவோம். கண்டுபிடிக்கிறதற்குக் காசு கிடையாது, அழிக்கிறதற்கு உண்டு என்றால் அவன் எதைக் கற்றுக்கொள்வான்? எங்கள் துறையில் லைன்மேனுக்கு மாதச் சம்பளம், அதனால் ஃபால்ட் தேட நேரம் இருந்தது. இவனுக்கு ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு.

ஆனால் கடைசியில் என் கோபம் வந்து நிற்பது நம் தலைமுறையின் மேல்தான். என் மேலும்தான். வீட்டில் குழாய் ரிப்பேர் என்றால் பிளம்பர் பக்கத்திலேயே நின்று "ஏன் அதைக் கழட்டுதே? வாஷர் மட்டும் மாத்து" என்று உயிரை எடுக்கிற நாம், கம்ப்யூட்டர் என்றதும் "ஏதோ பாத்துப் பண்ணிக் குடுப்பா" என்று எழுந்து உள்ளே போய்விடுகிறோம். கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: "எதனால வரலை?" அதற்குப் பதில் சொல்லாதவன் பெட்டியைத் தொடக்கூடாது. "டிரைவர் பிரச்சினை", "சிஸ்டம் கரப்ட்" என்பதெல்லாம் பதில் இல்லை. அவை "சூடு", "வாயு" மாதிரி. கார்டு கெட்டுவிட்டது என்று அடித்துச் சொன்னால், லினக்ஸ் போட்ட பென் டிரைவ் ஒன்றைச் சொருகி அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பச் சொல்லுங்கள். இன்ஸ்டால் என்பதை மட்டும் அமுக்காமல் இருந்தால் உள்ளே டிஸ்க்கில் இருக்கிற எதையும் அது அழிக்காது. அது டிஎச்சிபியில்தான் எழுந்திருக்கும். அதில் நெட் வந்துவிட்டால் கார்டு, ஒயர், பெட்டி எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, உள்ளே இருக்கிற அமைப்பில்தான் கோளாறு என்று அங்கேயே தெரிந்துவிடும். நான் இப்போது அப்படி ஒன்று செய்து பீரோவில், எல்.ஐ.சி. பத்திரத்தோடு வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் பக்கவாட்டில் ஒரு காகிதம் ஒட்டி, "முகவரி: ஆட்டோமேட்டிக். டிஎன்எஸ்: ஆட்டோமேட்டிக். கையால் எண் போடாதே" என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியும் வைத்திருக்கிறேன். வீட்டம்மா பல்லி முட்டை பத்திரம் மாதிரி இருக்கிறது என்கிறாள்.

இதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொல்வதா வேண்டாமா என்பதில்தான் எனக்கு மூன்று வாரம் போனது. அந்தச் சீட்டைப் பார்த்த அன்று ஒன்றும் சொல்லாமல் காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன். டிஸ்க் கெட்டுப்போனது என்றால் அது தெய்வச்செயல். நாலு எண் என்றால் அது நான் கூட்டிவந்த பையன். லினக்ஸ் போடுங்கள் என்று அவரை நச்சரித்ததும் நான்தான். இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள் என்று ஒரு நாளும் நான் சொல்லவில்லை. எழுபத்தாறு வயதில் ஒருவர் ஒருவழியாக மறந்துகொண்டிருப்பதைக் கிளறுவது சரியா? வீட்டம்மா, "சொல்லாண்டாம், நீங்க மனசுல இருக்க பாரத்தை அவர் தலையில இறக்கப் பாக்கீங்க" என்றாள். அதுவும் உண்மை. ஆனால் நாளைக்கு அவருக்கு மறுபடி நெட் வராமல் போனால், மறுபடி "டிஸ்க் கெட்டுப்போச்சு" என்பதை நம்பி மறுபடி அதே ஆளைத்தானே கூப்பிடுவார்?

போன ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லிவிட்டேன். என் கம்ப்யூட்டரில் நடந்தது, அந்தச் சீட்டு, செவ்வாய், புதன், வெள்ளி, எல்லாம். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டே கேட்டார். முடித்த பிறகு வெகுநேரம் பேசவில்லை.

"அப்ப டிஸ்க் நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார்.

"ஆமா அண்ணாச்சி."

"அந்தப் பையன் வந்து ஃபார்மட் பண்ணட்டுமான்னு என்கிட்ட கேட்டான் வே. கேக்காமச் செய்யல. நான்தான் சரின்னு சொன்னேன். அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டேனா? ஆயிரம் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டு ஊரூரா அலைஞ்சேன்."

பிறகு எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தார். நாற்பது பக்க நோட்டு. நினைவிலிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறார், போன வருஷமே. எனக்குக்கூடச் சொல்லவில்லை. நூற்றுச் சொச்சம் சொற்கள் வந்திருக்கின்றன. சில சொற்களுக்கு எதிரே ஆள் பெயர் இருக்கிறது, சிலவற்றுக்கு வெறும் கேள்விக்குறி. உடன்குடிப் பக்கம் இன்னும் மூன்று பெரியவர்கள் இருக்கிறார்களாம், பஸ் ஏறத்தான் முழங்கால் விடவில்லையாம்.

வருகிற வியாழக்கிழமை என் மருமகன் காரில் கிளம்புகிறோம். குரலைப் பதிய என் செல்போன், அன்றன்றைக்கே பிரதி எடுக்க இரண்டு பென் டிரைவ் வாங்கிவிட்டேன். ஒன்று அவர் வீட்டில், ஒன்று என் பீரோவில். அந்தப் பக்கம் பனை பற்றித் தெரிந்த வயதானவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் புதன்கிழமைக்குள் எனக்குப் போன் செய்யுங்கள்.